கூடவே போகும் கை

திருமலை சட்டைக்குப் பட்டன் போடுவதைப் பார்த்தால் பார்க்கிறவனுக்கு மூச்சு முட்டும். வலது கை விரல்கள் பட்டனைப் பிடித்தால் இடது கை விரல்களும் இல்லாத ஒரு பட்டனைப் பிடிக்கும். வலது கை பட்டனைத் தள்ளினால், இடது கை துளையை அகட்டிக் கொடுக்காமல் தானும் தள்ளும். இரண்டுக்கும் நடுவே சட்டை படாதபாடு படும். அதனால் தலை வழியாக மாட்டுகிற பனியனோடுதான் அவன் வேலைக்கு வருவான். கல்யாணத்தன்று அவனுக்குச் சட்டை பட்டன் போட்டுவிட்டது அவன் அக்கா செங்கமலம்.

இது குடித்துக் குடித்து வந்த நடுக்கம் இல்லை. அவன் குடிப்பதே இல்லை. பிறந்ததிலிருந்தே ஒரு கை விரல்கள் எதைச் செய்தாலும் மறு கை விரல்கள் அதையே கொஞ்சம் சின்னதாகச் செய்யும். தோளுக்கும் முழங்கைக்கும் ஒரு குறையும் கிடையாது. சைக்கிள் ஓட்டுவான், மண்வெட்டி பிடிப்பான், மூட்டை தூக்குவான். விரல்களில்தான் எல்லா வம்பும். சாப்பிடும்போது வலது கை சோற்றைப் பிசையும், இடது கை காற்றைப் பிசையும். அது தெரியாமல் இருக்க இடது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து உட்காருவான். பந்தியில் பக்கத்து இலைக்காரர் "இன்னாப்பா சாஞ்சிக்கினு சாப்டற?" என்று கேட்டால் வாய்வு என்பான். இருபத்தாறு வயதில் அத்தனை வாய்வு பிடித்த ஆள் எங்கள் பக்கத்தில் வேறு எவனும் இல்லை.

நான் அண்ணாதுரை. வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் இருவருக்கும் ஒரே தெரு. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போகிற சாலையில் அப்போது இருந்த ஒரு சின்ன தகட்டுக் கம்பெனியில் இருவருக்கும் வேலை. லாரி கம்பெனிகளுக்குச் சின்னச் சின்ன தகட்டுத் துண்டுகள் வெட்டிக் கொடுப்பார்கள். அச்சு மழுங்கினால் கழற்றித் தீட்டி மாட்டுகிற டூல் ரூமில் நான். திருமலை பிரஸ் ஷாப்பில். அவன் கை விவகாரம் அவன் வீட்டுக்கு வெளியே எனக்கு மட்டும்தான் தெரியும். சின்ன வயதில் கோலி ஆடும்போதே கண்டுபிடித்துவிட்டேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். அந்தச் சத்தியம் எனக்குச் சாப்பாட்டில் கல் மாதிரி. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது.

அவன் கல்யாணத்தில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எங்கள் பக்கத்தில் தாலிக்கு முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான், மற்ற இரண்டும் நாத்தனார் போடுவாள். முடிச்சு என்பது என்ன? ஒரு கை பிடிக்க, மறு கை சுற்ற வேண்டும். அவனுக்கு இரண்டு கையும் பிடிக்கும், இல்லாவிட்டால் இரண்டும் சுற்றும். ஒரு மாதம் முன்பிருந்தே மாட்டுக்கொட்டகைத் தூணில் கயிறு கட்டிப் பழகினான். பத்துத் தடவை போட்டால் ஏழு தடவை அவிழ்ந்து விழும். மேளம் உச்சத்துக்குப் போனபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அட்சதை மழையில் செங்கமலத்தின் கை தம்பியின் கைக்குக் கீழே புகுந்து மூன்று முடிச்சையும் போட்டு முடித்திருந்தது. சம்பிரதாயத்தில் நாத்தனாரைச் சேர்த்தவன் மகராசன். பொண்ணு கலைமதிக்கு அப்போது ஒன்றும் தெரியாது. வந்த வாரமே, அவனோடு உட்கார்ந்து வேர்க்கடலை உரிக்கும்போது கண்டுகொண்டாள். பயப்படவில்லை. "இதுக்காடா இத்தினி பில்டப்பு?" என்று சிரித்ததாக அவனே என்னிடம் சொன்னான். புருஷனை 'டா' போட்டதில் அவனுக்கு வருத்தமில்லை, சந்தோஷம்தான்.

வேலையிலும் அவன் கை சமத்தாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் மெஷின். பவர் பிரஸ் என்பது மேலே ஒரு பாரம், கீழே ஒரு அச்சு. நடுவில் தகட்டை வைத்துப் பாரத்தை இறக்கினால் தகடு வேண்டிய வடிவத்துக்கு வெட்டுப்படும். கை உள்ளே மாட்டிக்கொண்டால் கையும் அதே வடிவத்துக்கு வெட்டுப்படும். அப்படி ஆகக் கூடாது என்றுதான் மெஷினின் முன்பக்கம், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு பட்டன்கள் வைத்திருப்பார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் அமுங்கினால்தான் பாரம் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்குள் வைக்க மூன்றாவது கை யாருக்கும் கிடையாதே. இரண்டு கையும் ஒரே வேலையை ஒன்றாகச் செய்ய வேண்டும் என்றால் திருமலையைவிடப் பொருத்தமான ஆள் தமிழ்நாட்டில் கிடையாது.

ஆனால் எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? இடது பட்டனை அமுக்கிப் பிடித்து, சைக்கிள் டியூபை வெட்டி அதன்மேல் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அது அமுங்கியபடியே கிடக்கும். அப்புறம் வலது கை பட்டனுக்கு, இடது கை தகடு போட. பீஸ் சரசரவென்று விழும். அதற்குப் பெயர் ரப்பர் போடுவது. சூப்பர்வைசர் யாக்கோபு சாருக்கு எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு நடப்பார். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் மட்டும் ரப்பர்கள் எல்லாம் டிபன் பாக்ஸுக்குள் போய்விடும்.

திருமலை மட்டும் ரப்பர் போடவே மாட்டான். போட்டால் வலது கை பட்டனை அமுக்குகிற நொடியில் இடது கை விரல்களும் மடங்கும். அச்சுக்குள் தகட்டைப் பிடித்த விரல்கள் மடங்கினால் தகட்டை விடாது. விடாத விரல் அங்கேயே இருந்துவிடும். அதனால் ஷாப்பிலேயே சட்டப்படி வேலை செய்தவன் அவன் ஒருவன். பீஸ் எப்போதும் மற்றவர்களைவிடக் குறைவு.

"ஏன்டா, ஊரே ரப்பர் போட்டுக்கினு ஓட்டுது. உனுக்கு மட்டும் இன்னா?" என்று யாக்கோபு சார் ஒருநாள் கேட்டார்.

"பயமா கீது சார்."

"பயந்தா வயலுக்கே போயிருக்கலாமே."

அன்றிலிருந்து ஷாப்பில் அவனுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயரை அவன் வலிய வாங்கி வைத்துக்கொண்டான். அது இருக்கும்வரை வேறு பெயர் வராது அல்லவா?

அவனிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. இடது கை அச்சுக்குள் தகட்டைச் சரிசெய்யும்போது வலது கை விரல்களும் சும்மா இராமல் நெளியும். பக்கத்து மெஷின்காரன் அதைப் பார்த்துவிடப் போகிறானே என்று வலது கையை அதன் பட்டன் மேலேயே கவிழ்த்து வைத்திருப்பான். விரல்கள் பட்டனை அமுக்கும்தான். ஆனால் இடது பட்டன் மேலே நிற்கிறவரை அந்த அமுக்கலுக்கு மெஷின் மசியாது. இதை அவன் எனக்கு விளக்கிச் சொன்னபோது நானும் தலையை ஆட்டினேன். நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது.

ஜூன் மாதம் கலைமதி பிடிவாதம் பிடித்து அவனைச் சென்னைக்கு அனுப்பினாள். செங்கல்பட்டில் ஒரு நரம்பு டாக்டர் பார்த்துவிட்டு, சென்னையில் ஒரு டாக்டரம்மா இதைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிறார், காசு கேட்கமாட்டார், போய்ப் பாருங்கள் என்றிருந்தார். துணைக்கு நான். அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் பக்கத்திலிருந்து போகிற பஸ்ஸை எல்லாம் நிறுத்திச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். பூந்தமல்லி தாண்டுவதற்குள் எங்கள் பஸ்ஸும் நின்றது. வாலிபர்களை மட்டும் இறங்கச் சொன்னார்கள். ஒரு போலீஸ்காரர் திருமலையின் வலது கையைக் காட்டச் சொன்னார். அவன் வலது கையை நீட்டி விரல்களை விரித்தான். தொங்கிக்கொண்டிருந்த இடது கையும் விரிந்தது. மடக்கச் சொன்னார். இரண்டும் மடங்கின.

"ஒரு கைதானே சொன்னேன்? விளையாடறியா?"

"இல்ல சார். பழக்கம் சார்."

"எந்த ஊர்ல பழகின?"

கூட்டத்தில் யாரோ ஒரு பெரியவர், "பாவம் சார், பயந்துக்கினு கீறான்" என்று சொல்லப்போக விட்டுவிட்டார்கள். சென்னை போய்ச் சேருகிறவரை திருமலை இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. அப்போதுதான் சென்னைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு பெரிய ஸ்கேனில் அவனைப் படுக்கவைத்தார். உள்ளே குழாய் மாதிரி இருக்கும், தகரக் கொட்டகையில் சம்மட்டி அடிக்கிற சத்தம் வரும் என்றான். பிரஸ் ஷாப்காரனுக்கு அது தாலாட்டு. இன்னொரு நாளும் வரச்சொல்லி, தலையில் ஏதோ கருவியை வைத்து, மூளையின் ஒரு பக்கத்தைத் தட்டினால் எந்தக் கை துடிக்கிறது என்று பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"மூளை ரெண்டு பாதியா இருக்கு. வலது பாதி இடது கையை ஆட்டும், இடது பாதி வலது கையை ஆட்டும். நரம்பெல்லாம் கழுத்துக்கு மேல ஒரு இடத்துல குறுக்கே தாண்டி அந்தப் பக்கம் போகும். இவருக்குக் கொஞ்சம் நரம்பு தாண்டாம, அதே பக்கமும் கீழ இறங்குது. அதனால ஒரு பாதி உத்தரவு போட்டா ரெண்டு கைக்கும் போகுது. ரெண்டு பாதியையும் சேர்க்கிற பாலம் மாதிரி ஒண்ணு இருக்கு. அதுவும் இவருக்கு மெலிசா இருக்கு. சின்னக் குழந்தைங்க எல்லாருக்குமே கை இப்படிக் கொஞ்சம் கூடவே போகும், வளர வளர நின்னுடும். இவருக்கு நிக்கல. இது பைத்தியம் இல்ல, வளர்ற வியாதியும் இல்ல. அறிவுக்கு ஒரு குறையும் கிடையாது."

"மருந்து?" என்றேன் நான்.

"மருந்து கிடையாது. ஜாக்கிரதைதான் மருந்து. என்ன வேலை பார்க்கிறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் திருமலை, "பயிர் வேலைங்க" என்றான்.

"நல்லது. மெஷின் பக்கம் மட்டும் போயிடாதீங்க."

வெளியே வந்ததும் அவனை அறையலாம் போலிருந்தது எனக்கு. "ஏன்டா பொய் சொன்ன?" என்றேன்.

"மெஷின்ல வேலன்னா நிறுத்துன்னு சொல்லுவாங்க. கம்பெனிக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்."

"கைதானேடா?"

"கை இல்லண்ணா. மூளன்னு சொன்னாங்களே, கேக்கலியா?"

கேட்டேன். அந்தம்மா சொன்ன அத்தனை பேச்சில் அவன் காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான். அதுவரை அவனுக்கு அது கையில் உள்ள ஒரு குறும்பு. இப்போது மூளை. எங்கள் ஊரில் மூளை என்று ஆரம்பித்தால் அடுத்த வார்த்தை கோளாறு. கோளாறு என்று வந்துவிட்டால் அந்த ஆளிடம் மெஷினைக் கொடுக்கமாட்டார்கள், மாட்டைக்கூடக் கொடுக்கமாட்டார்கள். பைத்தியம் இல்லை என்று டாக்டரம்மா சொன்னதை ஊருக்கு யார் போய்ச் சொல்வது? நரம்புத் தளர்ச்சி என்று வீட்டில் சொல்லிவைத்தான். கலைமதியிடம் மட்டும் உள்ளதைச் சொன்னான். அவள், "வேலைய வுட்டுடுடா, எதையாவது வச்சி பொழச்சிக்கலாம்" என்று தினமும் சொன்னாள். கம்பெனி வேலைக்காரன் பெண்டாட்டி என்று தலைநிமிர்ந்து நடக்கிறவளைக் கூலிக்காரன் பெண்டாட்டி ஆக்க அவனுக்கு மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு அவன் ஆளே மாறிப்போனான். முன்பு எப்போதாவது மறைத்தவன் இப்போது எந்நேரமும் மறைத்தான். டீ குடிக்க வரமாட்டான். யாராவது பீடிக்கு நெருப்புக் கேட்டால் பதில் சொல்லாமல் போய்விடுவான், தீக்குச்சி உரசினால் மறு கை காட்டிக்கொடுத்துவிடுமே. வலது கை எப்போதும் அந்தப் பட்டன் மேல் ஒட்டிக்கொண்டே கிடந்தது. யாக்கோபு சார் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தூக்கிப்போடும் அவனுக்கு. காலையில் சைக்கிளில் போகும்போது, "இன்னிக்கு எவனாவது பாத்துட்டா?" என்று கேட்பான். மாலையில், "இன்னிக்கு எவனும் பாக்கல இல்ல?" என்பான். எனக்கு அலுத்துவிட்டது. ஒருநாள் கத்தியேவிட்டேன். அவன் வேகமாக மிதித்துக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் பூஜை செய்வது பிரஸ் ஷாப்பின் மூத்த ஆபரேட்டர் கோதண்டராமன். பூஜை விஷயத்தில் அவர் கைக்குத் தாராளம். ஒரு மெஷினுக்கு ஒரு பொட்டு என்று நிற்கமாட்டார். சந்தனத்தைப் பன்னீரில் கெட்டியாகக் குழைத்து, பாரத்துக்கு மூன்று பட்டை, மோட்டாருக்கு மூன்று பட்டை, பட்டன்களுக்கு அப்பம் மாதிரி அப்பிவிட்டு நடுவில் குங்குமம். முதலாளி குடும்பத்தோடு வருவார் என்பதால் ரப்பர்கள் எல்லாம் அவிழ்க்கப்பட்டிருந்தன. பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, பொரிகடலை கொடுத்தபின் ஒரு சடங்கு உண்டு. ஒவ்வொரு மெஷினிலும் அச்சின்மேல் எலுமிச்சம்பழம் வைத்து, இரண்டு பட்டனையும் அமுக்கி ஒரு அடி. பழம் நசுங்கினால் அந்த வருஷத்துக்கான காவு அதோடு தீர்ந்தது என்று கணக்கு. கோதண்டராமன்தான் எல்லா மெஷினையும் அடித்தார். அடித்துவிட்டு மெயினை அணைத்தார். எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் விஜயதசமி விடுமுறை. ஒருநாள் முழுக்க அந்தச் சந்தனம் காய்ந்தது.

வேலை தொடங்கிய காலையில் மற்றவர்கள் எப்போதும்போல ரப்பரைக் கட்டிக்கொண்டார்கள். பட்டன் எப்படி இருக்கிறது என்று அவர்களுக்கு என்ன கவலை? திருமலையின் மெஷினில் இடது பட்டன், எலுமிச்சம்பழம் அடித்தபோது உள்ளே போனது போனதுதான். இடுக்கில் புகுந்த சந்தனம் சிமென்ட் மாதிரி இறுகி, அதை மேலே எழவிடவில்லை. மேலே அப்பியிருந்த சந்தனத்தால் அது இறங்கிக் கிடப்பதும் தெரியவில்லை. சாமிக்கு வைத்ததைத் துடைக்கலாமா என்று அவனும் துடைக்கவில்லை. வழக்கம்போல் இரண்டு கையாலும் இரண்டு பட்டனையும் அமுக்கினான். பாரம் இறங்கியது, ஏறியது. நிறையத் துண்டுகள் நல்லபடி விழுந்தன. ரப்பர் போடாத ஒரே மனுஷனின் மெஷின் ரப்பர் போட்ட மெஷினாக மாறிவிட்டது, அவனுக்கே தெரியாமல்.

அப்புறம் ஒரு தகடு, அது நகராமல் நிற்க அச்சில் வைத்திருக்கிற ஆணியில் சரியாக உட்காரவில்லை. இடது கை விரல்களை உள்ளே விட்டு நெம்பினான். வலது கை பட்டன் மேல் கவிழ்ந்திருந்தது. இடது விரல்கள் நெம்ப, வலது விரல்களும் நெம்பின.

டூல் ரூமில் இருந்த எனக்கு அலறல் கேட்கவில்லை. மெஷின்கள் ஒவ்வொன்றாக நிற்பது கேட்டது. ஓடினேன். இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவோடு போயிருந்தன. அவன் என்னைப் பார்த்து முதலில் சொன்னது, "ண்ணா, யாரும் பாக்கலியே?"

அவனைச் செங்கல்பட்டுக்கு ஏற்றி அனுப்பியபின் அச்சைக் கழற்ற என்னைக் கூப்பிட்டார்கள். அப்போதுதான் இடது பட்டனைப் பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன், சந்தனம் கட்டி கட்டியாக உதிர்ந்தது, பட்டன் டப்பென்று மேலே வந்தது. பக்கத்தில் நின்ற யாக்கோபு சாரும் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"சார், இது பூஜ சந்தனம் சார். அவன் மேல தப்பில்ல."

"செரி. ஆனா வலது பட்டன அவன்தானே அமுக்கினான்? கைய உள்ள வச்சிக்கினு எவனாவது அமுக்குவானா?"

இதற்குப் பதில் என் வாயில் இருந்தது. சத்தியமும் அதே வாயில் இருந்தது. நான் அச்சைக் கழற்றத் திரும்பினேன். சாயங்காலத்துக்குள் கம்பெனி முழுக்கப் பேச்சு ஒன்றுதான்: உத்தமன் மாதிரி இருந்தான், பீஸுக்கு ஆசைப்பட்டு அவனும் ரப்பர் போட்டான், போட்ட முதல் நாளே விரல் போச்சு. கோதண்டராமன்கூட அப்படித்தான் சொன்னார். வேறென்ன சொல்வார்?

மூன்றாம் நாள் மேனேஜரும் யாக்கோபு சாரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நானும் கூட இருந்தேன். திருமலையின் இடது கை தலையணை மேல், பெரிய கட்டோடு. வலது கையை அவன் அசைக்கவே இல்லை. அதில் ஒரு கொசு உட்கார்ந்தால்கூடக் கலைமதிதான் ஓட்டினாள். வலது விரலை மடக்கினால் கட்டுக்குள் அறுபட்ட விரல்களும் மடங்கும், தையல் இழுக்கும், உயிர் போகும். சோறு ஊட்டுவது, முகம் துடைப்பது எல்லாம் அவள்தான். ஒரு கை போனதற்கு இத்தனை செல்லமா என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள்.

மேனேஜர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "திருமலை, இன்ஸ்பெக்டர் வந்து கேப்பார். நான்தான் ரப்பர் கட்டினேன்னு சொல்லிடு. உன் தப்பை நீயே ஒத்துக்கிட்டா நான் உன்னைக் கைவிடமாட்டேன். கேட்ல உட்கார வச்சிடறேன். என்ன?"

திருமலை என்னைப் பார்த்தான். பிறகு கலைமதியைப் பார்த்தான். மூளை என்று யாரும் சொல்லாமல் இருக்க இது ஒரு வழி. விரல் போனாலும் வேலை போகாது. "செரிங்க சார்" என்றான்.

ரப்பரைக் கையாலும் தொடாதவன் அவன்.

மேனேஜருக்கு முகம் மலர்ந்தது. பிளாஸ்க்கைத் திறந்து, தானே டம்ளரில் காப்பி ஊற்றி நீட்டினார். "பிடி. வலது கை நல்லாத்தானே இருக்கு?"

மேனேஜர் கையால் கொடுப்பதை எப்படி வேண்டாம் என்பது? பெண்டாட்டி வாங்கிக் கொடுத்தால் ஏன் என்று கேட்பாரே? திருமலை வலது கையை நீட்டி டம்ளரைப் பிடித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். நெற்றியில் வேர்வை முத்து முத்தாகப் பூத்தது. தலையணை மேல் கிடந்த கட்டு நெளிந்தது. வெள்ளைத் துணியில் ஒரு சிவப்புப் பொட்டு தோன்றி, விரிந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஆனது. அவன் டம்ளரை விடவில்லை.

கலைமதி பாய்ந்து டம்ளரைப் பிடுங்கினாள். காப்பி மேனேஜரின் பேன்ட்டில் சிந்தியது.

"போதும் சார்! அவரு ரப்பரு போடல. போடவே முடியாது அவரால. அவருக்கு மூளையில இருந்து வர்ற நரம்பு ரெண்டு பக்கமும் போவுது. ரெண்டு கையும் ஒண்ணாத்தான் அசையும். ரப்பரு போடற ஆளா இருந்தா சேந்த அன்னிக்கே விரலு போயிருக்கும். மெட்ராஸ்ல டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துச் சொன்னாங்க. இந்த அண்ணாவும் கூட இருந்தாரு, கேளுங்க!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமா சார்" என்றேன். சத்தியம் தொண்டையை விட்டு இறங்கியது.

மேனேஜருக்கு நம்பிக்கை வரவில்லை. "இது என்ன கதை? எங்கே, காட்டச் சொல்லு பார்ப்போம்" என்றார்.

"வாணாம் சார். தையல் பிரிஞ்சிடும்" என்று கலைமதி கட்டிலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நீ நகரு" என்றான் திருமலை.

வலது கையைத் தூக்கி மேனேஜரின் முகத்துக்கு நேரே நீட்டினான். விரல்களை விரித்தான், மடக்கினான். மறுபடி விரித்தான், மறுபடி மடக்கினான். கட்டுக்குள் இடது கை கூடவே திறந்து மூடியது. சிவப்பு மணிக்கட்டுவரை இறங்கியது. அவன் கத்தவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் ஓடியது. யாக்கோபு சார்தான், "போதும், போதும்பா, வுடு" என்று அவன் வலது கையைப் பிடித்து அமர்த்தினார்.

மேனேஜர் கைக்குட்டையால் பேன்ட்டைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். "மூளையில குறை வச்சுக்கிட்டு இத்தனை நாள் மெஷின்ல உட்கார்ந்தியா? யாராவது செத்திருந்தா? இனிமே உன்னை எப்படிப்பா உள்ளே விடறது? கேட்லகூட உட்கார வைக்க முடியாது."

இத்தனை மாதம் இந்த வார்த்தைக்காகத்தான் அவன் பயந்து செத்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. ஆனால் குரல் தெளிவாக வந்தது.

"வேல வாணாம் சார். எடுத்துக்குங்க. திருமலை ரப்பரு போடலன்னு ஷாப்புல எல்லாரையும் நிக்க வச்சி சொல்லிடுங்க. அது போதும்."

மேனேஜர் வெளியே நடந்தார். யாக்கோபு சார் கதவுவரை அவர் பின்னால் போனவர் திரும்பி வந்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்குக் காலைல நான் சொல்றேன். சந்தனத்தையும் சேத்துச் சொல்றேன்" என்றார். மேனேஜர் வராந்தாவிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டும் அவசரப்படாமல்தான் போனார்.

நர்ஸ் ஓடிவந்து திட்டிக்கொண்டே கட்டை அவிழ்த்தாள். பக்கத்துக் கட்டில் பெரியவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், எட்டி, "இன்னா தம்பி, கையில இன்னாதான் கோளாறு?" என்று கேட்டார்.

கலைமதி வாயைத் திறந்தாள். அதற்குள் திருமலையே சொல்லிவிட்டான்.

"கையில இல்ல பெரியவரே. மூளையில."